வரப்பில் நின்ற மாமரம்

அன்புள்ள அக்கா,

பரிணாமம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் ஓர் இனம் எப்படி அதே இனமாக நீடிக்கிறது? புதியது எங்கிருந்து வருகிறது? எங்கள் தோட்டத்து ஒட்டுமரங்கள் தாத்தா காலத்திலிருந்து ஒரே பழத்தைத்தான் தருகின்றன. கொட்டைக்கன்றுகள்தான் கலப்படமாகி இனத்தைக் கெடுக்கின்றன. இயற்கை விரும்புவது தூய்மையைத்தானே? இதில் கடவுளுக்கு இடம் உண்டா? தமிழில் படிக்க ஒரு நல்ல நூலும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள தம்பி,

கடவுளை இதில் இழுக்க வேண்டாம். நூலுக்குத் தனியாக எழுதுகிறேன். போன வாரம்தான் போச்சம்பள்ளிப் பக்கம் எங்கள் பழைய தோட்டத்துக்குப் போய்வந்தேன். அதே நினைப்பில் இருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. 'கலப்படம்' என்ற அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது.

எங்கள் தோட்டம் சந்தூர் போகும் வழியில். மாங்கன்றுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா ஒட்டுக்கட்டுவார். கொட்டை முளைத்துப் பத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருக்கும், இலையில் செம்பு நிறம்கூட மாறியிருக்காது. அந்தத் தண்டை நறுக்கி நடுவில் பிளப்பார். தாய்மரத்துக் குச்சியில் பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டிருப்பார். விரல் பட்டதும் காம்பு உதிர்ந்தால் குச்சி தயார். ஆப்பு போலச் சீவி, பிளவில் செருகி, பட்டையோடு பட்டை சேர்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பார். நாடா சுற்றுவது என் வேலை. "காத்து புகாம சுத்து" என்பார்.

அப்படி ஒட்டிய பெங்களூரா ரக மா நூறு இடத்தில் நின்றாலும் ஒரே மரம்தான். எப்போதாவது ஒரு மொட்டில் சின்ன மாறுதல் வரலாம், அவ்வளவுதான். அதை நீங்கள் தூய்மை என்கிறீர்கள். நிறுத்திவைத்தது என்று சொல்லுங்கள். கத்தியும் நாடாவும் கொண்டு நிறுத்திவைத்தது நாம். அந்த ஆசையை இயற்கையின் தலையில் கட்டாதீர்கள். முதல் பெங்களூரா எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? நாம் பேர் வைத்துக் கொண்டாடும் மாம்பழங்களில் பெரும்பாலானவை எங்கோ தானாக முளைத்த கொட்டைக்கன்றுகள். யாரோ தின்று பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று காப்பாற்றி வைத்தார்கள். நீங்கள் கலப்படம் என்று திட்டுவது உங்கள் ஒட்டுமரத்தின் பாட்டியை.

எங்கள் கிணற்று வரப்பில் ஒரு கொட்டைமரம் இருந்தது. பழம் சின்னது, நார் அதிகம், தோலைக் கிள்ளினால் சோம்பு வாசனை வரும். அம்மா ஊறுகாய்க்கு அந்த மரத்துக் காயைத்தான் பறிப்பாள். வியாபாரி ஒருவர், பேரில்லாத பழம், கூழுக்கும் ஆகாது, வெட்டிப் போடுங்கள் என்றார். அப்பா சொன்னார்: "வரிசையில நிக்கிறது சோறு போடுது. வரப்புல நிக்கிறது அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

1970இல் சுசுமு ஓனோ என்ற அறிவியலாளர் மரபணுக்களைப் பற்றிச் சொன்னது கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு மரபணு தற்செயலாக இரண்டு பிரதியாகிவிடுகிறது. ஒன்று பழைய வேலையைச் செய்து உயிரைக் காப்பாற்றுகிறது. இன்னொன்றுக்குக் கட்டாயம் இல்லை. பெரும்பாலும் அது கெட்டுத்தான் போகும். எப்போதாவது ஒன்று புது வேலை கற்றுக்கொள்ளும். பழையதை அழித்துவிட்டுப் புதியது வருவதில்லை, தம்பி. பழையது வேலையில் இருப்பதால்தான் புதியது பிழைத்துக் கிடக்கிறது.

இதைக் கண்ணால் பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்டு லென்ஸ்கி 1988இல் ஈ கோலி பாக்டீரியாவை 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். அந்தக் கரைசலில் சிட்ரேட்டும் உண்டு. எலுமிச்சையின் புளிப்பில் இருப்பதுதான். ஆக்சிஜன் இருக்கும்போது ஈ கோலி அதைத் தொடாது. அந்த இனத்தை அடையாளம் காணும் குறிகளில் அதுவும் ஒன்று. சுமார் 31,500 தலைமுறை கழித்து, ஒரே ஒரு குடுவையில் அது சிட்ரேட்டைத் தின்ன ஆரம்பித்தது. காரணத்தைத் தேடினால், சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் பழைய மரபணு ஒன்று பிரதியாகி, ஆக்சிஜன் இருக்கும்போது மரபணுவை இயக்கிவிடும் வேறொரு சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மூலப் பிரதி இருந்த இடத்திலேயே இருந்தது.

குறி மாறிவிட்டதே, அப்படியென்றால் அது ஈ கோலிதானா? உங்கள் கேள்வி அதுதானே. ஈ கோலிதான். அதன் தாய் யார், தாய்க்குத் தாய் யார் என்று முதல் குடுவை வரை ஒரு நாள் விடாமல் எண்ணிக்கொண்டு போகலாம். ஆயிரக்கணக்கான மற்ற மரபணுக்கள் பழைய வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கொட்டைமரம் தாயைப் போல இல்லாவிட்டாலும் மாமரம்தான்.

போன வாரம் போனபோது வரப்பு வெறுமையாகக் கிடந்தது. சொட்டுநீர்க் குழாய் போடுவதற்காக இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆட்களே வெட்டியிருக்கிறார்கள். வெட்டட்டுமா என்று அன்றைக்கு போனில் கேட்டார்கள். ஏதோ வேலையாக இருந்தேன். சரி என்று சொன்னது நான்தான். அந்த மரத்திலிருந்து ஒரு குச்சிகூட எடுத்து வைக்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் இந்த மழைக்கு முளைத்த கன்றுகளைப் பிடுங்காதீர்கள், தம்பி. ஒன்றையாவது வரப்போரம் விடுங்கள். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். முதல் பழம் என்ன வாசனை என்று அப்போது எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா