கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பக்கங்கள்

கேள்வி: அமெரிக்கச் சில்லறை வணிகத்தின் வரலாற்றை ஆய்வு செய்கிறேன். நிறுவனங்களின் பழைய ஆவணங்கள் கைக்கு எட்டவில்லை. கடைக்காரர்களுக்காக வெளிவந்த அந்தக் கால வணிக இதழ்களை நம்பி எழுதலாமா? பாதிக்கு மேல் விளம்பரமாக இருக்கிறதே?

பதில்: தாராளமாக எழுதலாம். நீங்கள் குறையாக நினைக்கும் அந்த விளம்பரங்களிலிருந்தே தொடங்கச் சொல்வேன்.

நாளிதழ் விளம்பரம் வாடிக்கையாளரிடம் பேசும். வணிக இதழ் விளம்பரம் கடை முதலாளியிடம் பேசும். கல்லாப்பெட்டி இயந்திரத்தை விற்க வந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம், கடைப் பையன்களின் கவனக்குறைவாலும் கைவரிசையாலும் எவ்வளவு பணம் போகிறது என்று முதலாளிகளை எச்சரித்தே விற்றது. ஊழியர் மீது முதலாளிக்கு இருந்த சந்தேகம் இவ்வளவு வெளிப்படையாக வேறு எங்கும் அச்சேறுவது அபூர்வம். எந்த இயந்திரம் எந்த ஆண்டு முதல் விளம்பரமாகிறது, எது மறைகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு இதழும் யாருக்காக நடந்தது என்று பாருங்கள். 1922-இல் தொடங்கிய 'புரோகிரசிவ் குரோசர்' தனி மளிகைக் கடைக்காரர்களுக்கானது. 1925-இல் வந்த 'செயின் ஸ்டோர் ஏஜ்', ஒரே நிறுவனம் பல இடங்களில் நடத்தும் சங்கிலிக் கடைகளுக்கானது. பெரிய வணிகருக்கு மட்டும் விலைச்சலுகை தருவதைத் தடுக்க வந்த 1936-ஆம் ஆண்டின் ராபின்சன்–பாட்மன் சட்டத்தைப் பற்றி இரண்டும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதழின் சார்பைக் கழித்துவிட்டு எஞ்சுவதைத் தேட வேண்டாம்; அந்தச் சார்புதான் உங்களுக்கு வேண்டிய சான்று.

சில இதழாசிரியர்கள் தாங்கள் எழுதிய தொழிலையே மாற்ற முனைந்தவர்கள். 1849-இல் 'அமெரிக்கன் ரயில்ரோடு ஜர்னல்' ஆசிரியரான ஹென்றி வார்னம் பூர், ரயில்வே நிறுவனங்கள் தம் கணக்குகளை முதலீட்டாளர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும் என்று விடாமல் எழுதினார். கடன் தர மதிப்பீட்டு நிறுவனமான ஸ்டாண்டர்டு அண்டு பூர்ஸின் பெயரில் வரும் 'பூர்' அவர்தான். அந்த இதழ் செய்தி சொன்னதோடு நிற்கவில்லை, முதலீட்டுச் சந்தைக்குத் தேவையான தகவலையும் உருவாக்கியது.

இரண்டு எச்சரிக்கைகள். பல நூலகங்கள் இதழ்களைக் கட்டுக்கட்டாகத் தைக்கும்போது இடத்தை மிச்சப்படுத்த விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டன. இணையத்தில் உள்ள படிகள் பலவும் அந்தக் கட்டுகளிலிருந்து எடுத்தவை. 1920-களின் ஒரு தொகுப்பில் விளம்பரமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள், வேறு நூலகத்தின் படியைத் தேடுங்கள். அப்புறம், தேடல் பெட்டியில் 'முதலாளித்துவம்' என்று தட்டினால் பெரிதாக ஒன்றும் வராது. கடன், சரக்குக் கட்டணம், விலைக் கழிவு, சம்பளம் என்று அவர்கள் பேசிய சொற்களில் தேடுங்கள். முடிந்தால் ஓராண்டு இதழ்களையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிவிடுங்கள்.

கவுன்டருக்குப் பின்னால் நின்றவர்களின் குரல் இந்த இதழ்களில் அநேகமாக இருக்காது. அதற்குச் சில்லறைக் கடை ஊழியர் சங்கம் நடத்திய இதழை எடுங்கள். வேலை நேரம் பற்றி முதலாளிகளின் இதழ் எழுதியதையும் சங்கத்தின் இதழ் எழுதியதையும் ஒரே ஆண்டுக்கு எடுத்து ஒப்பிட்டால், உங்கள் முதல் அத்தியாயத்துக்கு வேண்டியது கிடைத்துவிடும்.