மாலையானால் உப்பும் வயிறு: தே தாரிக்தான் காரணமா?

கேள்வி: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கிறேன், வயது 46. காலையில் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) ரொட்டி சானாய் என்னும் கோதுமை ரொட்டியும் பருப்பும், மதியம் வாழையிலைச் சாப்பாடு. சில மாதங்களாக மாலை நான்கு மணிக்கு மேல் வயிறு உப்பி, வாயு பிரிந்துகொண்டே இருக்கிறது. பால் ஆகவில்லையோ என்று கெட்டிப்பால் சேர்த்து ஆற்றும் தேநீரான தே தாரிக்கை நிறுத்திப் பார்த்தேன், பயனில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அண்மையில் அளவைக் கூட்டினார்கள்.

பதில்: உப்புசம் தொடங்கும் நேரத்தை நீங்கள் குறிப்பிட்டது நல்லது, ஏனெனில் காரணத்தைத் தேட அதுவே முதல் தடயம். சாப்பிட்டவுடன் ஏப்பமும் உப்புசமும் வந்தால், அவசரமாக விழுங்கும்போதும் சோடா குடிக்கும்போதும் உள்ளே போன காற்றைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கோ சில மணி நேரம் கழித்தே வருகிறது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்துகள் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதிக்கும்போது உண்டாகும் வாயுவாக அது இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அத்தகைய சத்துகள் பருப்பிலும் கோதுமையிலும் வெங்காயத்திலும் பூண்டிலும் நிறைய உண்டு. ரொட்டி சானாயும் பருப்பும், அதன்மேல் மதியச் சாம்பாரும் என்றால் நான்கும் ஒரே நாளில் சேர்ந்துவிடுகின்றன. பருப்பை ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவைத்தால் ஓரளவு குறையும். பூண்டில் உள்ள சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே எண்ணெயில் தாளித்துப் பூண்டை எடுத்துவிட்டால் மணம் மட்டும் கறியில் தங்கும். இரண்டு வாரம் இவற்றைக் குறைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, நேரத்தோடு குறித்துவாருங்கள்.

தே தாரிக்கின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. பாலின் சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்குச் சுமார் 12 கிராம் வரை தாங்குவார்கள். இரண்டு மேசைக்கரண்டி கெட்டிப்பாலில் இருப்பது ஏறத்தாழ 4 கிராம்தான். நீரிழிவுக்காரர் அதைக் குறைப்பது நல்லதே, ஆனால் அதற்குக் காரணம் அதிலுள்ள சர்க்கரை.

நான் அதிகம் சந்தேகிப்பது மெட்ஃபார்மினை. உப்புசம், வாயு, வயிற்றுப்போக்கு ஆகியவை அதன் அறியப்பட்ட பக்க விளைவுகள். அளவைக் கூட்டிய பிறகு அவை தலைகாட்டுவது வழக்கம். தொல்லை தொடங்கிய நாளையும் அளவு கூடிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உணவோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 'சர்க்கரை இல்லாத' மிட்டாய்களில் உள்ள சோர்பிடாலும் வாயுவை உண்டாக்கும் என்பதால் அவற்றையும் கவனியுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

எடை குறைதல், மலத்தில் இரத்தம், கறுப்பு மலம், இரத்தசோகை, ஓயாத வாந்தி, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மேல்வயிற்றில் எரிச்சலோ, சிறிது உண்டதுமே நிறைந்த உணர்வோ இருந்தால், நம்மவர்கள் 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி மருந்துக் கடையோடு முடித்துக்கொள்கிறார்கள். மலேசிய இந்தியரிடமும் சீனரிடமும் மலாய்க்காரரை விட ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் இரைப்பைக் கிருமியின் தொற்று அதிகம் என்பதால், அதைக் கண்டறியும் யூரியா மூச்சுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். ஒமெப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராயின் முன்கூட்டியே சொல்லுங்கள், பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வார்கள்.