கூகுளில் நம்ம கடை ஏன் வரவில்லை? குமுளி, கம்பம், போடி வியாபாரிகளின் கேள்விகளும் பதில்களும்

கம்பத்தில் உட்கார்ந்து வெப்சைட் செய்து கொடுப்பது என் தொழில். மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு, கீழே கம்பம், போடி என்று இரண்டு மாநிலத்திலும் வாடிக்கைக்காரர்கள் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் "கூகுளில் தேடினால் வரமாட்டேங்குது" என்ற குறை மட்டும் மாறாது. வியாபாரிகள் வாட்ஸாப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று வாய் விட்டுவிட்டேன். மாலைக்குள் போன் சார்ஜ் தீர்ந்துபோனது. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்து, பதில்களை இங்கே எழுதுகிறேன்.

ஹோம்ஸ்டே நடத்துபவர், குமுளி: வெப்சைட் போட்டு மூன்று மாதம் ஆகிறது. எங்கள் ஹோம்ஸ்டே பெயரையே முழுசாக அடித்தாலும் வரவில்லை. என்ன கோளாறு?

அக்கா, கடைசிப் பக்கத்தில் கிடப்பது வேறு, கூகுளின் கணக்கிலேயே இல்லாதது வேறு. உங்களுடையது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. சோதிக்க வழி இருக்கிறது. கூகுள் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் வெப்சைட் முகவரியை அடியுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் கூகுள் இன்னும் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

நான் முதலில் பார்ப்பது ஒரு சின்னக் கட்டத்தை. வெப்சைட் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்ற பக்கத்தில், தேடுபொறிகள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லும் டிக் ஒன்று இருக்கும். வேலை நடக்கும்போது அரைகுறையாக யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அதைப் போட்டு வைப்போம். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்க மறந்த மகானுபாவர்களில் நானும் ஒருவன். ஒரு ஜவுளிக்கடை சைட் இரண்டு மாதம் அப்படியே கிடந்தது. கடைக்காரர் நல்ல மனிதர், திட்டவில்லை. மிச்சப் பணத்தை மட்டும் இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தார்.

டிக் இல்லை என்றால், சைட் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் நடத்தும் சர்ச் கன்சோலில் உங்கள் சைட்டைச் சேருங்கள். காசு கிடையாது. சைட்மேப், அதாவது சைட்டில் உள்ள பக்கங்களின் பட்டியல், அதன் முகவரியை அங்கே கொடுத்துவிட்டு, முகப்புப் பக்கத்தின் முகவரியை மேலே உள்ள கட்டத்தில் போட்டால், கூகுள் அதை எடுத்துக்கொண்டதா, இல்லை என்றால் ஏன் என்று அதுவே சொல்லும். சேர்க்கச் சொல்லிக் கோரிக்கை வைக்கவும் அங்கேயே பொத்தான் இருக்கிறது. அதன் பிறகு சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தினமும் பத்துத் தடவை அந்தப் பொத்தானை அமுக்கினாலும் வேகம் கூடாது.

ஏலக்காய் வியாபாரி, போடி: 'ஏலக்காய்' என்று தேடினால் முதல் பக்கத்தில் நம்ம சைட் வர வேண்டும். எவ்வளவு செலவாகும்?

அண்ணே, அந்த ஆசையை விடுங்கள். வெறும் 'ஏலக்காய்' என்று அடிக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை, பாயசம் வைக்கிறவர், மருத்துவக் குணம் தேடுகிறவர். அதில் மூட்டைக்கணக்கில் வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்? அந்த ஒரு சொல்லுக்கு விக்கிபீடியா, அமேசான், சமையல் தளங்கள் எல்லாம் மோதுகின்றன. கஷ்டப்பட்டு அங்கே ஏறினாலும் சரக்கு நகராது.

உங்களுக்குப் போனில் வரும் கேள்வியை ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். "8 மில்லிமீட்டர் காய் கிலோ என்ன விலை?", "பச்சை நிறம் எத்தனை மாதம் நிற்கும்?", "குறைந்தது எத்தனை கிலோ எடுக்கணும்?", "லாரி புக்கிங் செய்து அனுப்புவீர்களா?" போனில் கேட்பதைத்தான் ஆட்கள் கூகுளிலும் கேட்கிறார்கள். உங்கள் சைட்டைப் பார்த்தேன். 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதை உலகத்தில் யாரும் தேட மாட்டார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள காய்க்கு ஒரு பக்கம், 7 முதல் 8 வரை உள்ளதற்கு ஒரு பக்கம் வையுங்கள். எப்படிச் சலிக்கிறோம், நிறம் போகாமல் எப்படி வைக்கிறோம், என்ன பையில் போடுகிறோம் என்று உங்கள் குடோனில் நீங்களே எடுத்த படத்தோடு எழுதுங்கள். வேறு யார் சைட்டிலிருந்தும் எடுத்து ஒட்ட வேண்டாம்.

விலை விஷயத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 'ஏலக்காய் இன்றைய விலை' என்று தேடுகிறவர்கள் வியாபாரம் தெரிந்தவர்கள். போடியிலும் கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தின் அதிகபட்ச விலை, சராசரி விலையை மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு வெளியிடுகிறது. அந்த எண்ணை மட்டும் நகல் எடுத்துப் போட்டால் பத்தோடு பதினொன்று. "இன்று வரத்து அதிகம், பெரிய காய்க்குக் கேட்பு இருந்தது, சின்னக் காய் இறங்கியது" என்று ஏல மையத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் தேதி போட்டு நாலு வரி எழுதினால் அது வேறெங்கும் கிடைக்காது. ஆனால் பாதியில் விடக் கூடாது. போன வருட விலையோடு நிற்கும் பக்கத்தைப் பார்த்தால் கடையே மூடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். தினமும் முடியாது என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. மொத்தமாக எடுக்கும் வடநாட்டுக்காரர் தமிழில் தேடமாட்டார். இதே பக்கங்கள் ஆங்கிலத்திலும் வேண்டும்.

ஜீப் ஓட்டுபவர், குமுளி: எனக்கு வெப்சைட் கிடையாது. செய்தே ஆகணுமா?

இப்போதைக்கு வேண்டாம், தம்பி. கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஒன்று திறங்கள், இலவசம். கூகுள் மேப்பில் கடைகள் தெரிவது அதனால்தான். உங்களுக்குக் கடை கிடையாது, வீட்டுக்கும் யாரும் வருவதில்லை. அதனால் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, வண்டி ஓடும் ஊர்களை மட்டும் சேவைப் பகுதி என்று கொடுக்கலாம். 20 வரை கொடுக்க இடம் உண்டு. உண்மையான ஆள்தானா என்று பார்க்கப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். வண்டி, நம்பர் பிளேட், சாவி போட்டு நீங்கள் வண்டியை எடுப்பது எல்லாம் தெரிகிற மாதிரி ஒரே ஓட்டமாக எடுங்கள்.

பெயர் கட்டத்தில் வண்டியில் எழுதியிருக்கும் பெயரை மட்டும் போடுங்கள். 'தேக்கடி பெஸ்ட் ஜீப் சஃபாரி குறைந்த விலை' என்று சேர்த்தால் விதிமீறல். எவனாவது புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கும். அப்புறம், ஹர்த்தால் அன்றைக்கு விடுமுறை என்று அதில் மாற்றிவிடுங்கள். மலை ஏறி வந்து நின்றவர் கோபத்தில் ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போவார்.

சாப்பாட்டுக்கடை, குமுளி செக்போஸ்ட் அருகே: கடை கேரளத்தில். சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆனால் கம்பத்தில் நின்று தேடினால் நம்ம கடை வருவதில்லை. கம்பம் முகவரி ஒன்று கொடுத்துவிடலாமா?

கூடாது சேட்டா. இல்லாத முகவரி என்று தெரிந்த அன்றைக்கே தூக்கிவிடுவார்கள், உள்ள பேரும் போகும்.

மேப்பில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், கடைக்கு உள்ள பேர். செக்போஸ்ட் அதற்குத் தடை இல்லை. ஆனால் கம்பத்தில் நின்று 'சாப்பாட்டுக்கடை' என்று தேடுகிறவருக்குக் கம்பத்துக் கடையைத்தான் காட்டும். அதில் நியாயமும் இருக்கிறது. பசித்தவனை லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறச் சொல்ல முடியுமா? நீங்கள் பிடிக்க வேண்டியவர் "குமுளியில் சாப்பாடு", "தேக்கடி போகிற வழியில் நல்ல ஓட்டல்" என்று கிளம்புவதற்கு முன்பே தேடுகிறவர். அவருக்காக ஒரு பக்கம் எழுதுங்கள். கம்பத்திலிருந்து வந்தால் பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து கடைக்கு எவ்வளவு நடை, வேனை எங்கே நிறுத்தலாம், சைவம் தனியாக உண்டா, மட்டை அரிசியா வெள்ளை அரிசியா. சிரிக்காதீர்கள், இந்த அரிசிக் கேள்வியைப் பாதிப்பேர் வாசலில் நின்று கேட்கிறார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஊர்ப்பெயரையும் கவனியுங்கள். தமிழில் குமுளி என்கிறோம், மலையாளத்தில் குமளி, ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங். கூகுள் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் கடைப்பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் சைட்டிலும் மேப்பிலும் ஃபேஸ்புக்கிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

அச்சகம், உத்தமபாளையம்: எங்கள் சைட் பழசு, முழுக்கத் தமிழ். ஆங்கிலத்தில் உள்ள கடைப்பெயரைப் போட்டால் வருகிறது. 'கல்யாணப் பத்திரிகை' என்று தமிழில் தேடினால் வருவதே இல்லை.

சைட்டைத் திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே இருப்பது பாமினி எழுத்துரு. அச்சகத்துக்காரர்களுக்குப் பழகின எழுத்துருதான், குறை சொல்லவில்லை. ஆனால் பாமினியில் நம் கண்ணுக்கு 'த' என்று தெரிவது உள்ளே ஆங்கில 'ஜே' எழுத்து. தமிழ் உருவம் மேலே போர்த்திய சட்டை மட்டும்தான். கூகுள் சட்டையைப் பார்க்காது, உள்ளே உள்ள எழுத்தைத்தான் படிக்கும். அதற்கு உங்கள் சைட் முழுவதும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது உள்ளேயும் தமிழாகவே இருக்கும் எழுத்து முறைக்கு, மாற்றுங்கள். இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்துப் போடுங்கள். ஈமெயில் முகவரியையும் சேர்த்துப் போட்டால் அதையும் தமிழாக்கிச் சின்னாபின்னமாக்கிவிடும். மாற்றிய பிறகு ஒரு முறை உட்கார்ந்து படித்துப் பாருங்கள். மெய்ப்புப் பார்ப்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாடல் பத்திரிகைகளை வெறும் படமாகப் போட்டிருக்கிறீர்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் படித்துக்கொள்ளும் என்று நம்பக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கீழே அளவு, அட்டை வகை, 100 பத்திரிகைக்கு என்ன விலை என்று எழுத்தாகவே போடுங்கள்.

ஆயுர்வேத சிகிச்சை மையம், தேக்கடி: தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். மொழிபெயர்ப்புப் பொத்தான் வைத்தால் போதுமா?

போதாது. பொத்தானை அமுக்கினால் அந்த நிமிடம் மட்டும் மொழி மாறும். கூகுள் எடுத்து வைத்துக்கொள்ளத் தனிப் பக்கம் எதுவும் உருவாகாது. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியில் தனிப் பக்கம் வேண்டும். இது அதனுடைய தமிழ் வடிவம், அது இதனுடைய மலையாள வடிவம் என்று கூகுளுக்குச் சொல்ல ஒரு குறிப்பு உண்டு, உங்கள் ஆளிடம் 'எச்ரெஃப்லேங்' என்று சொன்னால் புரிந்துகொள்வார். தலைப்பும் அந்தந்த மொழியில் இருக்கட்டும். மெஷின் மொழிபெயர்த்ததை யாரும் படித்துப் பார்க்காமல் ஏற்றாதீர்கள். சிகிச்சை விஷயம், ஒரு சொல் மாறினால் வம்பு. மூன்றையும் ஒழுங்காகச் செய்ய முடியாது என்றால் இரண்டோடு நிறுத்துங்கள்.

பலர் கேட்டது: "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம் உறுதி" என்று போன் வருகிறது. நம்பலாமா?

வைத்துவிடுங்கள். முதலிடத்துக்கு யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டலாம், அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தனியாக வரும். அதற்குக் கட்டிய பணம் கீழே உள்ள சாதாரண முடிவுகளை ஒரு படிகூட ஏற்றாது. '500 லிங்க் பேக்கேஜ்', அதாவது மற்ற சைட்டுகளிலிருந்து உங்கள் சைட்டுக்கு 500 இணைப்பு போட்டுத் தருகிறோம் என்பதும் அதே ரகம். காசு கொடுத்து வாங்கும் லிங்க்குகளைக் கண்டுபிடித்துத் தள்ளும் வேலையை 2012-இல் பென்குயின் என்ற மாற்றத்திலேயே கூகுள் தீவிரப்படுத்திவிட்டது.

மளிகைக்கடை, சின்னமனூர்: மெட்டா கீவேர்டில் எத்தனை சொல் போடலாம்?

பூஜ்யம். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தேடுபொறிக்காக எழுதி வைக்கும் அந்தச் சொல் பட்டியலைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பேக்கரி, கூடலூர்: எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்து ஒரு ஸ்டார் போடுகிறார். நானும் சொந்தக்காரர்களை விட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்லட்டுமா?

உங்கள் சொந்தக்காரர்கள் மொத்தப்பேரும் ஒரே ராத்திரியில் 'அருமை' என்று எழுதினால் கூகுளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பொய் விமர்சனம் என்றால் புகார் கொடுங்கள். அதற்கு முடிவு வரும் வரை, மரியாதையாக ஒரு பதில் எழுதுங்கள்: "இந்தத் தேதியில் எங்களிடம் இப்படி ஒரு ஆர்டர் இல்லை, பில் இருந்தால் கடைக்கு வாருங்கள்." படிக்கிறவர் உங்கள் பதிலைத்தான் எடை போடுவார். கல்லாப்பெட்டி பக்கத்தில் விமர்சன க்யூஆர் கோடு ஒட்டி வையுங்கள். வாங்கிப் போகிற எல்லோரையும் கேளுங்கள். கேக் இலவசம், தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அது விதிமீறல்.

திராட்சைத் தோட்டம், சுருளிப்பட்டி: சைட் திறக்கவே ஒரு யுகம் ஆகிறது.

முகப்பில் 14 படம், ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து வந்தது அப்படியே. பன்னீர் திராட்சை அழகுதான், 2023-இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது, அதற்காக இவ்வளவு பெரிதாக வேண்டாம். முக்கியமான பகுதி இரண்டரை விநாடிக்குள் கண்ணில் படவேண்டும் என்பது கூகுளின் அளவு. உங்கள் மகன் காலேஜ் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு "வேகமாகத்தானே இருக்கு" என்கிறார். கூகுள் கணக்கில் எடுப்பது மொபைலில் தெரியும் வடிவத்தை. மலைப்பாதையில் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது திறந்து பாருங்கள். படங்களைச் சுருக்கி ஏற்றினாலே பாதி நோய் தீரும்.

லாட்ஜ், குமுளி: இப்போது கூகுளே மேலே ஏஐ பதில் சொல்லிவிடுகிறது. இனி சைட்டுக்கு யார் வருவார்கள்?

2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவிலும் வருகிறது. 'தேக்கடியில் என்ன பார்க்கலாம்' மாதிரிப் பொதுக்கட்டுரை எழுதி ஆள் சேர்த்தவர்களுக்கு அடிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் லாட்ஜில் 12 பேர் கொண்ட ஐயப்ப சாமிகள் குழுவுக்கு ஹால் உண்டா, விடியற்காலை வெந்நீர் வருமா, வேன் நிறுத்தலாமா, எருமேலிக்குக் குட்டிக்கானம் வழியாக எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ஏஐயும் எங்கிருந்தாவது படித்துத்தானே சொல்ல வேண்டும். உங்கள் சைட்டில் எழுதி வையுங்கள்.

அதே லாட்ஜ்: இப்போது எழுதினால் எப்போது பலன் தெரியும்?

இந்த வேலைக்குக் கூகுள் சொல்லும் கணக்கு 4 மாதம் முதல் ஒரு வருடம். கார்த்திகை சீசனுக்கு வேண்டும் என்றால் ஆடியிலேயே ஏற்றிவிட வேண்டும். அடுத்த செவ்வாய் குமுளி வருகிறேன். சைட்டின் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது, டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். போன தடவை மாதிரி, "செய்து கொடுத்த பையன் துபாய் போய்விட்டான்" என்று சொல்லக் கூடாது.