ஒரு வருடம் ஓட்டம், நடை எல்லாம் குறித்துவைத்தேன். பாதி நாள் விட்டுப்போனது. இந்தக் கணக்கால் என்ன பயன்?

விட்டுப்போன நாட்களையும் குறித்தீர்களா? இருக்காது, ஆப்பை நம்பியிருப்பீர்கள். அது ஓடவோ நடக்கவோ போன நாளைத்தான் காட்டும். அதுவும் ஒழுங்காகக் காட்டாது. ஒருநாள் நிறுத்த மறந்து வண்டியில் வீடு திரும்பிவிட்டேன், கிலோமீட்டருக்கு 2 நிமிடம் என்று பாராட்டியது.

எனக்கு வேலூர், சத்துவாச்சாரி. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை. போன வருடம் 1000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன், நாளுக்கு மூன்றுகூட வராதே என்ற தைரியம். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே எழுதினேன். ஓட்டத்துக்கு 'ஓ', நடைக்கு 'ந', போகாத நாளுக்குச் சைபர் போட்டு பக்கத்தில் காரணம்.

ஜனவரியில் 92. மார்ச் கடைசியில், காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் ஆணி இறங்கும். பத்து அடி நடந்தால் குறைந்துவிடும், சரியாகிவிட்டது என்று மறுபடி கோட்டைப் பக்கம் ஓடப் போவேன், மறுநாள் இன்னும் மோசம். அங்கே தினமும் வரும் பெரியவர் ஒருவர், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "இன்னா தம்பி, ஷூ கம்பெனியில கீறே, உன் ஷூவத் திருப்பிப் பாத்தியா?" என்றார். பார்த்தேன். குதியின் வெளிப்பக்கம் மழமழவென்று தேய்ந்து, தரையில் வைத்தால் ஷூ சாய்ந்து நின்றது. வேலையில் ஒரு தையல் கோணினாலே தூக்கி ஓரம் வைக்கிற ஆள் நான்!

அப்புறம் ஏப்ரல், மே முழுக்க ஓட்டமே இல்லை. ஐஸ் வைத்த தண்ணி பாட்டிலைப் பாதத்துக்கடியில் உருட்டிக்கொண்டு, வலி விட்ட நாளில் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்கு மெதுவாக நடை. எங்கள் ஊர் அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணிக்கே வெளியே நிற்க முடியாது. ஐப்பசியில் காய்ச்சல், கூடவே மழை.

மொத்தம் 731. நடையைச் சேர்த்து ஓட்டம் என்று ஏமாற்றுகிறான் என யாராவது வருவார்கள், அதனால் நானே சொல்கிறேன்: ஓட்டம் 212தான். சைபர் 147 நாள். குதிகால் 52, காய்ச்சல் 24, மழை 19. மீதி 52 சோம்பல். குதிகாலும் சோம்பலும் சரிக்குச் சரி. வருடம் முழுக்க எல்லாரிடமும் "கால் வலி சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மழை நாள் என்று எழுதியதிலும் பாதி மழை இல்லை, தெரு. பைப் போடத் தோண்டினார்கள், மண்ணை மேலே கொட்டிவிட்டுப் போனார்கள், தூறல் விழுந்தாலே கணுக்கால் வரை சேறு. வரி மட்டும் தேதி தவறாமல் கேட்கிறார்கள். புகார் கொடுத்தால் "அது வேற பிரிவு" என்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

உங்கள் வெறும் கட்டங்களில், ஞாபகம் இருக்கிறபோதே காரணத்தை எழுதிவிடுங்கள். அதற்கு முன்னால் ஷூவை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.