பொம்மைகளை ‘ரீகால்’ செய்வது என்றால் என்ன? சோதித்துத்தானே விற்கிறார்கள்?

விற்ற பிறகு ஒரு பொம்மையில் ஆபத்தான குறை தெரியவந்தால், ‘இனி பயன்படுத்தாதீர்கள்’ என்று அறிவித்து, நிறுவனம் அதைச் சரிசெய்து தரும், மாற்றித் தரும் அல்லது பணத்தைத் திருப்பித் தரும். இதுதான் ரீகால்.

சோதிக்கிறார்கள், சரி. ஆனால் சோதனைக்குப் போவது சில மாதிரிகள்தான். வீட்டிலோ குழந்தை மாதக்கணக்கில் கடிக்கும், வீசும், மேலே ஏறி உட்காரும். புதுச் செருப்பு கடையில் நாலடி நடக்கும்போது கடிக்காது. நாள் முழுக்க நடந்தால்தான் தெரியும், அப்படித்தான்.

கழன்ற சக்கரம் தொண்டையை அடைக்கலாம். காந்தம் இன்னும் மோசம்: இரண்டை விழுங்கினால், குடல் சுவரை நடுவில் நசுக்கியபடி ஒன்றையொன்று இழுத்து, ஓட்டையே போட்டுவிடும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். சில குறைகள் கண்ணுக்கே தெரியாது. 2007இல் மேட்டல் நிறுவனம் லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது வண்ணப்பூச்சில் இருந்த ஈயத்தால்தான்.

‘ஒரு வருஷமாக விளையாடுகிறான், ஒன்றும் ஆகவில்லையே’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ரீகால் கடையில் இருக்கும் புதுச் சரக்குக்கு மட்டுமல்ல, அதே மாடல் எண் உள்ள பழைய பொம்மைக்கும், அடுத்த வீட்டுக்குக் கைமாறிப் போனதற்கும் சேர்த்துத்தான்.