இது என்ன பூசணி? தானாக முளைத்த கொடிகள் பற்றிய கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: "நான் விதைக்கவில்லை, தானாக முளைத்தது, பூசணி மாதிரி இருக்கிறது, என்ன செடி?" பூவையும் காய்க்காம்பையும் பார்த்து எழுதியவர்களுக்கு விரிவாகச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: உரக்குழி ஓரத்தில் ஒரு செடி முளைத்திருக்கிறது. தடித்த இலை இரண்டு மட்டும்தான். என்ன காய் காய்க்கும்?

ப: அவை வித்திலைகள். பூசணி, சுரை, வெள்ளரி, முலாம் எல்லாமே முளைக்கும்போது ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். பூசணிக்குக் கொஞ்சம் பெரிது, வெள்ளரிக்குச் சிறிது. அதற்கு மேல் சொன்னால் ஜோசியம். பூ வந்ததும் எழுதுங்கள்.

கே: கொடி பத்தடி ஓடிவிட்டது, இன்னும் பூக்கவில்லை. பூசணியா, சுரையா, பீர்க்கா, வெள்ளரியா என்று இப்போதே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ப: ஓரளவு உண்டு. பற்றுக்கம்பியைப் பாருங்கள். கிளைக்காமல் ஒற்றையாகச் சுருண்டிருந்தால் வெள்ளரி அல்லது பாகல். பாகல் இலை ஆழமாகப் பிளந்திருக்கும், கசக்கினால் நெடி தெரியும். கம்பி இரண்டாகப் பிரிந்து, இலை மெத்தென்று, இலைக்காம்பு இலையைத் தொடும் இடத்தில் இரண்டு சின்னச் சுரப்பிகள் இருந்தால் சுரை. மூன்று நான்காகப் பிரிந்தால் பூசணியாகவோ பீர்க்காகவோ இருக்கலாம்.

பூத்துவிட்டால் குழப்பம் பாதியாகக் குறையும். சுரைப் பூ வெள்ளை, மாலையில் விரியும். பீர்க்கு மஞ்சள், ஆண் பூக்கள் கொத்தாக வரும். பூசணிப் பூ பெரிய மணி வடிவம், விடியற்காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். அதே மஞ்சளில் ஐந்து இதழும் அடிவரை தனித்தனியாகப் பிரிந்து, பிஞ்சு முழுக்க ரோமமாக இருந்தால் சாம்பல் பூசணி.

கே: மணி வடிவப் பூ பூத்துக் காயும் வந்துவிட்டது. பச்சையும் மஞ்சளுமாக வரிகள், உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. இது என்ன ரகம்?

ப: காயின் நிறத்தையும் வடிவத்தையும் விடுங்கள், அவை ஏமாற்றும். காம்பைப் பாருங்கள், பெப்போ, மாக்சிமா, மொஸ்காட்டா என்ற மூன்று பூசணி இனங்களை அது பிரித்துக் காட்டும். 1850களில் பாரிசில் நூற்றுக்கணக்கில் பூசணி வளர்த்து ஆராய்ந்த தாவரவியலாளர் ஷார்ல் நோதேன் இனம் பிரித்ததும் இப்படிப்பட்ட அடையாளங்களை வைத்துத்தான்.

காம்பு கெட்டியாக, ஐந்து கூர்விளிம்போடு பள்ளம் விழுந்து, தண்டும் இலையும் கையைக் குத்தினால் அது பெப்போ இனம். பிஞ்சிலேயே சமைக்கிற சுக்கினி, ஏக்கார்ன், ஸ்பகெட்டி என்ற பூசணி ரகங்கள், சின்ன அலங்காரக் காய்கள் எல்லாம் இதில் வரும். காம்பு உருண்டு தடித்து, தக்கை மாதிரி மிருதுவாக வெடிப்புவிட்டிருந்தால் மாக்சிமா. ஹப்பர்டு, கபோச்சா, போட்டியில் எடை போடுகிற ராட்சதப் பூசணி இந்த வகை. காம்பு கெட்டியாக, முள் இல்லாமல், காயைத் தொடும் இடத்தில் அகலமாக விரிந்தால் மொஸ்காட்டா. பட்டர்நட்டும் பரங்கியும் அதுதான்.

உங்கள் வரிக்காய் பெரும்பாலும் பெப்போ. ரகத்தின் பெயரைத் தேடி அலைய வேண்டாம். தானாக முளைத்தது ஏதோ ஒரு கலப்பின் பிள்ளை, அதற்குப் பெயரே இருக்காது. கசந்தால் துப்பிவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே ஒருவருக்கு விரிவாக எழுதியிருக்கிறேன்.

கே: இலையில் வெள்ளைத் திட்டு. மருந்து அடித்தும் போகவில்லை.

ப: விரலால் துடைத்துப் பார்த்தீர்களா? மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தால் சாம்பல் நோய். வராமல், நரம்புகள் பிரியும் இடங்களில் மட்டும் வெள்ளி நிறத்தில் இருந்தால் அது இலையின் இயல்பு. மொஸ்காட்டாவிலும் சில சுக்கினிகளிலும் சகஜம். முதலில் துடைத்துப் பார்ப்பது, அப்புறம் மருந்து.

கே: பக்கத்துத் தோட்டத்தில் அலங்காரப் பூசணி வைத்திருக்கிறார்கள். தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து என் சுக்கினியில் போட்டதால்தான் காய் கசக்கிறது என்று என் மாமியார் சொல்கிறார். வெள்ளரிக்குப் பக்கத்தில் பூசணி முளைத்ததால் வெள்ளரியும் கெட்டுவிடுமாம். கசப்பு குறைய வேகவைத்தால் போதுமா?

ப: மாதம் தவறாமல் வருகிற கேள்வி இது. முதலில், வெள்ளரியும் பூசணியும் கலக்கவே கலக்காது. வெள்ளரிக்குக் குரோமோசோம் 14, முலாமுக்கு 24, பூசணி இனங்களுக்கு 40. அருகருகே படர்ந்தாலும், ஒன்றன் மேல் ஒன்று ஏறினாலும் ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் இந்த ஆண்டுக் காயின் சதை மாறாது. சதையும் தோலும் தாய்க்கொடியின் உடம்பு. மகரந்தம் உள்ளே போய் மாற்றுவது விதையை மட்டும்தான். பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டை போடாதீர்கள், இந்த ஆண்டு அவர் நிரபராதி. உங்கள் காய் கசக்கிறது என்றால் பெரும்பாலும் நீங்கள் விதைத்த விதையிலேயே கோளாறு. போன பருவத்தில் எடுத்து வைத்த விதையா? சுக்கினியும் அலங்காரப் பூசணியும் ஒரே பெப்போ இனம், தேனீ இருந்தால் போதும், தாராளமாகக் கலக்கும்.

கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள். காட்டுப் பூசணிகள் எல்லாமே கசப்பு. மெக்சிகோவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பெப்போவை வளர்க்கத் தொடங்கி, கசக்காததாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்துத்தான் இன்றைய காய் வந்தது. அலங்காரக் காய்களை யாரும் தின்பதற்காகத் தேர்ந்தெடுக்கவில்லை, அதனால் அவற்றில் கசப்பு அப்படியே இருக்கிறது. ஒரு தலைமுறைக் கலப்பிலேயே அது திரும்பி வந்துவிடும். இலையையோ காயையோ பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நாக்குக்குத்தான் தெரியும்.

வேகவைத்தால் கசப்பு போகாது. பொரித்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட ஒரு முதியவர் இறந்தேபோனார். கசப்புப் பூசணி சாப்பிட்டு, வாந்திக்குப் பிறகு சில வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிர்ந்த இரண்டு பெண்களைப் பற்றி 2018இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. இவ்வளவு சொன்ன பிறகும் "வீணாக்க மனசு வரவில்லை, கொஞ்சம் உப்புப் போட்டுச் சமாளித்தோம்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வீணாகட்டும்! தானாக முளைத்த எந்தக் கொடியிலும் முதல் காயைப் பறித்ததும் பச்சையாகக் கடுகளவு நாக்கு நுனியில் வையுங்கள். கசந்தால் துப்புங்கள், வாயைக் கொப்பளியுங்கள், கொடியை வேரோடு பிடுங்குங்கள். அதன் விதை உரக்குழிக்கும் போகக்கூடாது.

கே: ஒட்டுக் கட்டிய தர்பூசணி நாற்று நட்டேன். வெள்ளைப் பூ பூக்கிறது. தர்பூசணிக்கு வெள்ளைப் பூ உண்டா?

ப: கிடையாது. மேலே கட்டிய ஒட்டு பட்டுப்போய்க் கீழே இருந்த வேர்ச்செடி தழைத்துவிட்டது. தர்பூசணி ஒட்டுக்கு அடியில் சுரையோ, மாக்சிமா மொஸ்காட்டா கலப்பினமோ இருக்கும். வெள்ளைப் பூ என்பதால் உங்களுடையது சுரை. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிறதை அவ்வப்போது கிள்ளியிருக்க வேண்டும். காய் வந்தால், கசந்தால் துப்புவது என்ற விதி சுரைக்கும் உண்டு. கசப்புச் சுரையைச் சாறெடுத்துக் குடிப்பது இன்னும் மோசம்.

கே: தர்பூசணி இலை மாதிரிதான் இருக்கிறது, ஆனால் காய் பந்து அளவோடு நின்றுவிட்டது. சாப்பிடலாமா?

ப: பேய்க்குமட்டியாக இருக்கலாம். வெட்டினால் சதை வெளுத்துப் பஞ்சாக இருக்கும். இதை நாக்கில் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம், கடுமையான பேதி ஆகும்.

கே: பூவாகப் பூத்துத் தள்ளுகிறது, ஒரு காய் இல்லை. தானாக வந்தது மலட்டுக் கொடியா?

ப: முதல் ஓரிரு வாரம் வருவது ஆண் பூக்கள்தான். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. அதுவும் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். காலை ஒன்பது மணிக்குள் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவுங்கள். மதியத்துக்கு மேல் தடவிப் பயனில்லை. உரக்குழி மண்ணில் தழைச்சத்து அதிகம், அதனால் இலை கொழித்துப் பூ தாமதமாவதும் உண்டு. இன்னும் உரம் போட்டுவிடாதீர்கள்.

கே: இந்தக் காய் இனிப்பாக இருக்கிறது, கசப்பே இல்லை. விதை எடுத்து வைக்கலாமா?

ப: வைக்கலாம், அதே காய் வரும் என்று மட்டும் நம்பாதீர்கள். அதே குணம் வேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் அதே கொடியில் பார்த்து முந்தின நாள் மாலையே நூலால் கட்டிவிடுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தம் தடவிவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டி, அந்தக் காய்க்கு அடையாளம் வையுங்கள். இதைப் பல தலைமுறை தொடர்ந்து செய்தால்தான் ஒரு ரகமாக நிலைக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு கொடியின் காயையும் கடுகளவு சுவைத்துப் பார்க்க வேண்டும், கசந்தால் துப்ப வேண்டும்.

கே: ஒரே கொடியில் பச்சைக் காயும் ஆரஞ்சுக் காயும். அதிசயம்தானே?

ப: காயிலிருந்து தண்டைப் பிடித்துக்கொண்டே வேர்வரை போங்கள். இரண்டு வேர் இருக்கும். ஒன்றுதான் என்றால், ஒரு காய் முற்றிவிட்டது, இன்னொன்று முற்றவில்லை.

கே: பெயர் தெரியாத காயை எப்போது பறிப்பது?

ப: காம்பைப் பார்த்து இனம் பிரித்தீர்கள் அல்லவா? பெப்போ மாதிரி இருந்தால் ஒன்றைப் பிஞ்சிலேயே பறித்துப் பாருங்கள். மாக்சிமா, மொஸ்காட்டா என்றால் பூ விரிந்து ஏறக்குறைய 50 நாள் விடுங்கள். தோலில் நகம் இறங்கக்கூடாது, காம்பு காயத் தொடங்கியிருக்க வேண்டும். காம்பை ஓரிரு அங்குலம் விட்டு வெட்டுங்கள், ஒடித்தால் காய் சீக்கிரம் அழுகும்.

கே: விதையே தெரியவில்லை. பச்சை நிறக் காய் ஒன்று மூலையில் கிடந்தது, அதன் நுனியிலிருந்தே கொடி கிளம்பியிருக்கிறது.

ப: சௌசௌ. ஒற்றை விதை, காய்க்குள்ளேயே முளைக்கும். முளை வெளியே தெரியும்படி காயோடு புதைத்து, பக்கத்தில் ஒரு பந்தல் போடுங்கள்.