காரைக்காலுக்கு ஒரு சைக்கிள் அனுப்பினால் ஜிஎஸ்டி வருமா?

கேள்வி: கண்டனூரில் இருக்கிறேன், வயது 29. தனியார் கம்பெனியில் வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பழைய சைக்கிள்களை வாங்கிக் கழட்டி, பெயின்ட் அடித்து, சிலதுக்கு கியர் வைத்து, சிலதைப் பழைய மாதிரியே திருப்பி மாட்டி விற்கிறேன். உதிரி பாகங்களும் விற்பேன். மாதம் இரண்டு மூன்று வண்டி போகும். இப்போது காரைக்காலிலிருந்து ஒருவரும் பெங்களூரிலிருந்து ஒருவரும் பார்சலில் அனுப்பச் சொல்கிறார்கள். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், "ஜிஎஸ்டி இல்லாமல் இதுவரை வித்ததே தப்பு, 6,500 ரூபாயும் ஆதார், பான், போட்டோவும் கொடு, மீதியை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். எடுக்கத்தான் வேண்டுமா? இன்னொன்று, கோனாபட்டில் ஒரு பெரிய வீட்டில் கிடக்கும் மூன்று பழைய ராலே சைக்கிள்களை ஒரு தரகர் மொத்தமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதல் வேலையாக அந்த ஏஜென்டுக்கு எதையும் கொடுக்காதீர்கள். வாட்ஸப்பில்கூட அனுப்பாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இதுவரை நீங்கள் விற்றதில் தப்பு இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் மட்டும் விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. மாதம் மூன்று வண்டி விற்று அதைத் தொட வேண்டுமானால் ஒரு சைக்கிள் ஒரு லட்சத்துக்கு மேல் போக வேண்டும், அப்படிப் போனால் நானே வேலையை விட்டுவிட்டு உங்களிடம் வந்து போக்ஸ் கட்டுவேன். அக்கம்பக்கத்தார் வண்டியை ஓவராயில் செய்து, வீல் கோட்டம் எடுத்துக் கூலியும் வாங்குகிறீர்கள் என்றால் வரம்பை 20 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உங்களுக்கு எட்டாத தூரம்தான். "பொழுதுபோக்குக்குச் செய்கிறேன்" என்ற பதில் மட்டும் எங்கும் செல்லாது, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், அளவு சின்னதானாலும் சட்டத்தின் கண்ணில் அது வியாபாரம்தான். உங்களைக் காப்பாற்றுவது விற்பனைத் தொகை. வரும் லாபத்தை வருமான வரிக் கணக்கில் காட்டிவிடுங்கள், அது தனிக் கதை.

சிக்கல் பார்சலில்தான் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்றால் இந்த 40 லட்சம், 20 லட்சம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பெடல் செட் விற்றாலும் பதிவு கட்டாயம். பெங்களூர் வெளிமாநிலம் என்று உங்களுக்கே தெரியும். காரைக்கால்? நாகப்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது, பேச்சும் தமிழ், சாப்பாடும் நம் சாப்பாடு, ஆனால் அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆக, கண்டனூரிலிருந்து அத்தனை மாவட்டம் தாண்டி ஓசூருக்கு அனுப்பினால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இருக்கும் காரைக்காலுக்கு அனுப்பினால் பதிவு வேண்டும். இதில் என்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள். சின்ன வியாபாரியை வளர்க்கிறோம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களிடம் கேளுங்கள். கைவினைப் பொருட்களுக்கு ஒரு விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் சைக்கிள் இல்லை.

இதிலேயே இன்னொரு வேடிக்கை. பெங்களூர்க்காரர் நேரில் வந்து, உங்கள் வாசலில் காசைக் கொடுத்து, வண்டியைத் தன் காரில் போட்டுக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். முன்பெல்லாம் பொருள் எங்கே கைமாறியதோ அங்கே விற்பனை, அவ்வளவுதான். 2023 அக்டோபர் 1 முதல் திருத்தம் வந்தது. வாங்குபவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண ஆளாக இருந்தால், ரசீதில் அவருக்கு என்ன முகவரி எழுதியிருக்கிறதோ அதுதான் விற்பனை நடந்த இடம். முகவரியே எழுதாவிட்டால் விற்றவரின் ஊர். அதாவது அதே வண்டி, அதே காசு, அதே வாசல். ரசீதில் பெங்களூர் என்று ஒரு வார்த்தை எழுதினால் அது வெளிமாநில விற்பனை, எழுதாவிட்டால் கண்டனூர் விற்பனை. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நேரில் வந்து எடுத்துப் போகிறவருக்கு ரசீது எழுதும்போது பெயர், வண்டியின் ஃபிரேம் நம்பர், தொகை, தேதி, இது போதும். பார்சலில் அனுப்பிவிட்டு நேரில் கொடுத்ததாக எழுதாதீர்கள், லாரி ஆபீஸ் பில் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் உங்களுக்கு என் யோசனை: பெங்களூர்க்காரருக்கு ஆசை இருந்தால் வந்து எடுத்துப் போகட்டும். காரைக்கால்காரர் பஸ் ஏறி வரட்டும், வண்டியை மிதித்துக்கொண்டே திரும்பட்டும். வெளிமாநில ஆர்டர் மாதாமாதம் வரும் என்ற நிலை வந்த பிறகு பதிவு எடுங்கள். ஒரு பார்சலுக்காக எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் ஒன்றுமே விற்காத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். ஒன்றும் இல்லாத கணக்கைத் தாமதமாகப் போட்டால்கூட நாளுக்கு 20 ரூபாய். வேண்டாம் என்று ரத்து செய்தாலும் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் என்று ஒன்று போட வேண்டும், ஏஜென்டுகள் அதைச் சொல்வதே இல்லை.

சரி, ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். ஜிஎஸ்டி பதிவுக்கு அரசாங்கம் ஒரு பைசா வாங்குவதில்லை. சிறு தொழில்களுக்கான உதயம் பதிவுக்கும் அப்படியே. அந்த 6,500 ரூபாய் முழுக்க அவருடைய கூலி. கூலி கேட்பதில் தப்பில்லை, நானும் வாங்குகிறேன். என் கவலை அவர் விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் நம்பரையும் ஈமெயிலையும் போடுகிறார் என்பதில். தன்னுடையதைப் போட்டால் ஓடிபி அவருக்குப் போகும், பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும், நோட்டீஸ் வந்தாலும் அவருக்குத்தான் வரும். உங்கள் பெயரில் லட்சக்கணக்கில் போலி பில் போட்டு யாருக்கோ வரிக் கழிவு வாங்கிக் கொடுத்திருப்பார்கள், உங்களுக்குத் தெரிய வரும்போது இலாகா கடிதம் வாசலில் இருக்கும். கூலி வேலை செய்கிறவர் பெயரில் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்ற செய்திகளைப் படித்திருப்பீர்களே, ஆதாரும் பானும் இப்படிக் கைமாறிய கதைகள்தான் அவை. "என் நம்பரில் பில் போட்டுத் தர்றேன், நீ பார்சலை அனுப்பு" என்று இன்னொருவர் வருவார். அவரிடமும் வேண்டாம். அவர் சிக்கும்போது உங்கள் பார்சலும் சேர்ந்து சிக்கும்.

பதிவு எடுக்கும் நாள் வந்தால் போர்ட்டலில் நீங்களே உட்கார்ந்து போடுங்கள். மொபைலும் மெயிலும் உங்களுடையது. சிலரை பயோமெட்ரிக்குக்கு நேரில் கூப்பிடுவார்கள், போய்விட்டு வாருங்கள். நம் பக்கத்தில் உண்மையான தலைவலி முகவரிச் சான்றுதான். வீடு தாத்தா பெயரில், கரண்ட் பில் தாத்தாவின் அண்ணன் பெயரில், வீட்டு வரி ரசீதில் இருப்பவர் காலமாகி இரண்டு தலைமுறை ஆகியிருக்கும். உடனே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். தேவையில்லாத ஆவணங்களைக் கேட்டு இழுக்காதீர்கள் என்று 2025 ஏப்ரலில் மத்திய வரி வாரியமே தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. காகிதத்தில் அது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் அண்ணா நகரில் இருப்பார், கையெழுத்து சேர்ப்பதற்குள் தீபாவளி வந்துவிடும்.

வரி எவ்வளவு? சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய வண்டியை வாங்கிச் சின்னச் சின்னச் சீர் செய்து விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்ட வழி உண்டு. 5,000-க்கு வாங்கி 9,000-க்கு விற்றால் 4,000-க்கு வரி 200 ரூபாய், முழுத் தொகைக்கு என்றால் 450. ஃபிரேமை அறுத்து வெல்டு வைத்து ஆளே மாறிப்போன வண்டிக்கு இந்தச் சலுகையை நம்ப வேண்டாம்.

இப்போது அந்த மூன்று ராலே. எனக்கு ஜிஎஸ்டியைவிட இதுதான் பயம். நகரத்தார் வீடுகளில் முகப்பிலோ இரண்டாம் கட்டிலோ கிடக்கும் சாமான் ஒருவருடையதாக இருப்பது அபூர்வம், ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்கு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் "செட்டியார் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க" என்பார், தரகர் ராத்திரியில் டாடா ஏஸ் கொண்டு வருவார், காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போக வேண்டியது உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அடுத்த திருவிழாவுக்குப் பங்காளி வந்து பார்த்துப் புகார் கொடுத்தால் தேடிக்கொண்டு வருவது உங்களைத்தான், ஆன்லைனில் போட்டோ போட்டிருப்பவர் நீங்கள்தானே. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சந்தை விலையில் பாதிக்குத் தந்தார், ரசீது இல்லை, இருட்டில் வந்தது, இதெல்லாமே "நம்பக் காரணம்" ஆகிவிடும். (பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கும் ஃபிரேமுக்கும் இதேதான்.)

விலை பேசும் இடத்திலும் தரகர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். "வெள்ளைக்காரன் காலத்து வண்டி, நூறு வருஷம்" என்பார். பின் சக்கரத்தின் நடுவில் மூன்று கியர் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ஹப் இருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் ஹப்பின் நடுவைத் துடைத்துப் பாருங்கள், ஏடபிள்யூ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் 56 என்று அடித்திருந்தால் அந்த ஹப் 1956-ல் செய்தது. ராலே என்று எழுதியிருப்பதெல்லாம் நாட்டிங்காமிலிருந்து வந்ததும் இல்லை, அசன்சோலில் சென் ராலே செய்ததும் நிறைய. ஹெர்குலிஸும் அப்படித்தான், பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து இறக்கிய வண்டியை இங்கிலாந்து வண்டி என்று நம்மிடமே விற்பார்கள். நாட்டிங்காம் ராலேயாகவே இருந்தாலும் பிபி கப்பின் (பெடல் அச்சைத் தாங்கும் கப்) மரையைப் பாருங்கள். மற்ற வண்டிகளில் அங்குலத்துக்கு 24 மரை, அதில் 26. யாராவது கடையில் கிடைக்கும் சாதாரணக் கப்பை அடித்து ஏற்றியிருந்தால் ஃபிரேமின் மரை போயிருக்கும், அப்புறம் அதைச் சரிசெய்ய ஆகும் செலவுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டுப் பங்காளிகளில் ஒருவரோடு நீங்களே வீடியோ காலில் பேசி, மூன்று வண்டியின் ஃபிரேம் நம்பரையும் குறிப்பிட்டு, மற்ற பங்காளிகளுக்கும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தைக் கேளுங்கள். பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கே போடுங்கள், தரகருக்குக் கமிஷன் தனி. இதற்குத் தரகர் முகம் சுளித்தால் அந்த ராலேக்கள் கோனாபட்டிலேயே இருக்கட்டும்.